உத்தனப்பள்ளிக்கு ஏழு விநாடி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ராயக்கோட்டை பேருந்தில் இன்றும் இடது பக்க ஜன்னல் கிடைத்தது. இடது பக்கம் உட்கார்ந்தால்தான் உத்தனப்பள்ளியில் பள்ளிக்கூடத்து மஞ்சள் சுவர் தெரியும். வண்டி அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். பிள்ளைகள் கூட்டமாக நடந்து போவார்கள். எல்லார் பின்னலும் ஒரே மாதிரி. அதில் என் தங்கை மாதேஸ்வரி எது என்று கண்டுபிடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.

இறங்கவில்லை. பள்ளி திறந்து இரண்டு மாதம், ஒரு நாளும் இறங்கவில்லை.

பதினொன்றரைக்கு ஒன்பதாவது பாடம் போனது. எங்கள் வானொலி சின்னது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். எங்கள் வீடு இருக்கும் ஓசூர் வரை எட்டாது. உத்தனப்பள்ளியைத் தாண்டினால் வெறும் இரைச்சல். உத்தனப்பள்ளி வரை எட்டுகிறதே, எனக்கு அது போதும். செவ்வாய்தோறும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம். கோபம் வந்தால் என்ன செய்வது, வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, உடம்பு மாறும்போது யாரிடம் கேட்பது. வகுப்பில் ரேடியோவை மேசைமேல் வைத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஏழு விநாடி நான் பேசக் கூடாது. பிள்ளைகள் பதில் சொல்வதற்காக அந்த இடைவெளி.

அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

இன்றைய கேள்வி: "உங்களுக்கு ஒரு கஷ்டம்னா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" மாதி எட்டாவது. வகுப்பில்தான் இருந்திருப்பாள். யார் பெயரைச் சொல்லியிருப்பாள்?

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒலிப்பதிவு. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த விடையையே சொல்லாமல் அழுதுவிட்டு வந்தவள் நான். வீட்டில் முதல் பட்டதாரி என்று அப்பா என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதில்கூடத் தலை குனிந்துதான் இருக்கிறேன். ஆனால் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டிய அந்த ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் கதவைச் சாத்திவிட்டால் எங்கிருந்தோ பேச்சு வருகிறது.

மைக்கைப் பார்த்துக்கொள்வது கோவிந்தப்பன் அண்ணா. முப்பது வருடம் கல்யாணம், திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டியவர். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "சுவத்தப் பாத்து அப்படிச் சிரிக்கறியே பாப்பா, அங்க யாரு நிக்கறாங்க?" என்றார்.

தங்கச்சி என்று வாய் வரை வந்தது. "யாருமில்லணா" என்றேன்.

ஏழு விநாடியை விரல் மடக்கி எண்ணுகிறேன். நாலாவது விரலில் அவள் முகம் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 15

மாதி தங்கியிருக்கும் ஜோதி அத்தை வீட்டுக்கு அம்மா போன் செய்தாள். மாதி அம்மாவிடம் பேசினாள், அப்பாவிடமும் பேசினாள். நான் போனை வாங்கியதும் அத்தை குரல்: "அவ கோழிக்குத் தீனி போடப் போய்ட்டா பாப்பா."

அத்தை வீட்டில் கோழி கிடையாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல முடியாததெல்லாம் இந்த நோட்டுக்குத்தானே.

ஏப்ரல் கடைசி. பேனா தேடி மாதியின் பையில் கை விட்டேன். பட்டன் போன் ஒன்று இருந்தது. "யாருதுடி இது?" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் நிற்கவில்லை. பயம். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "மாதி எவனோடயோ போன்ல பேசறாப்பா" என்று சொல்லிவிட்டேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அப்பாவே கேட்டதில்லை.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். போனைத் தரையில் போட்டு உடைத்தார். "எல்லாரும் வேலைக்குப் போய்ட்டா இதுக்கு யாரு காவலு?" என்று, பள்ளி திறப்பதற்குள் உத்தனப்பள்ளியில் அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். மாதி போகும்போது தன் தலையணையைக்கூட எடுத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அது யார் போன்? இன்றுவரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அய்யோ, மானம் போச்சு.

பதின்மூன்றாவது பாடம். "உங்க ஃப்ரெண்டு உங்ககூட பேசல. நீங்க என்ன செய்வீங்க?" — கேட்ட மூச்சிலேயே "ரொம்ப சரி! நல்லா சொன்னீங்க!" என்கிறேன். ஏழு விநாடியைக் காணோம். எந்தக் கேள்விக்கும் இல்லை. நானே கேட்டு நானே பாராட்டி, பைத்தியம் மாதிரி ஓடுகிறேன். பாடம் சீக்கிரம் முடிந்து, மீதி நேரத்துக்கு நாதஸ்வரம்!

வழக்கமாக ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவது நான்தான். போன வாரம் காய்ச்சல் என்று கோவிந்தப்பன் அண்ணாவிடம் விட்டிருந்தேன்.

"நடுநடுவுல சத்தமே இல்லாம கெடந்துச்சு பாப்பா. நீ வரி மறந்து முழிக்கறன்னு நெனைச்சன். நம்ம தொழில்ல மைக்கு ஒரு நிமிஷம் நின்னா கல்யாண வீட்டுக்காரன் கழுத்தப் புடிச்சுருவான். அதான் ராத்திரியெல்லாம் ஒக்காந்து ஒவ்வொண்ணா வெட்டினன். ஏன், நல்லா இல்லியா?"

எப்படித் திட்டுவது? அந்த இடைவெளி எதற்கு என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. கூச்சம்.

செப்டம்பர் 3, புதன்

உத்தனப்பள்ளி எட்டாம் வகுப்பு ஆசிரியர் வெங்கடப்பன் சார் போன் செய்தார்.

"என்னம்மா, நேத்து எங்கள மூச்சு விட விடல! பசங்க வாயத் தெறக்கறதுக்குள்ள நீயே சரின்னுட்ட. கிளாஸே சிரிப்பு."

மன்னிப்புக் கேட்டேன்.

"அட வுடும்மா. ஒரு பொண்ணு சொல்லுச்சு பாரு, அதான் டாப்பு. ஜூன்ல வந்து சேந்ததுலருந்து வாயே தெறக்காத பொண்ணு. எந்திரிச்சு நின்னு, 'அந்தக்கா எப்பவும் அப்படித்தான் சார். கேள்வி கேப்பாங்க, பதில் வர்ற வரைக்கும் நிக்க மாட்டாங்க'ன்னுச்சு. என்னமோ உன்ன நேர்ல தெரிஞ்ச மாதிரி!"

நானும் அவரோடு சிரித்தேன். போனை வைத்த பிறகு கீழே மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். எந்த விலையும் காதில் விழவில்லை.

செப்டம்பர் 4

எப்பவும் அப்படித்தான். எப்பவுமா?

ஆமாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இறங்கினேன்.

"ராயக்கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கினு இங்க எறங்கறியேம்மா" என்று கண்டக்டர் கத்தினார். பள்ளி வாசலில் கொய்யாக்காய் விற்கும் பாட்டியம்மா பக்கத்தில் நின்றேன். மாதி இரண்டு தோழிகளோடு வந்தாள். வளர்ந்திருக்கிறாள். சுடிதார் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதை யாராவது கவனித்தார்களா?

என்னைப் பார்த்ததும் நின்றாள். சாப்பிட்டியா, நல்லா இருக்கியா என்றெல்லாம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மாதி, அந்த போன் யாருதுடி?"

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கினேன். ஏழு ஆனது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். என் பேருந்து கிளம்பிப் போனது. பள்ளி மணி அடித்தது. நின்றேன்.

"ட்யூஷன்ல ஒரு பையன் குடுத்தான்" என்றாள் கடைசியில், காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே. "ரெண்டு நாள் பேசினன். அவன் பேசறது புடிக்கல. திருப்பிக் குடுக்கணும், எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல. கேக்கலாம்னு பையில வெச்சிருந்தன்."

"யாரக் கேக்கலாம்னு?"

"உன்னத்தான். வேற யாரக் கேப்பாங்க? நீதான காலேஜ் படிச்சவ."

வாசலில் நின்று அழுதுவிட்டேன்.

"அழாதக்கா. பசங்க பாத்தா ரேடியோ அக்கா அழுவுதுன்னு கிண்டல் பண்ணும்." உள்ளே இரண்டு அடி போனவள் திரும்பிச் சொன்னாள், "அப்புறம், ஏழு பத்தாது. ஃபஸ்ட் பெஞ்சுப் பசங்க மூணுலயே கத்திருவாங்க. வெக்கப்படறவங்க எட்டு ஒம்போதுலதான் வாயத் தெறப்பாங்க. அதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிர்ற."

அவளும் எண்ணியிருக்கிறாள்.

செப்டம்பர் 11, வியாழன்

பத்து விநாடி. எதற்கென்று கோவிந்தப்பன் அண்ணாவிடம் இன்று சொன்னேன், கூண்டுக்கு வெளியே, முகத்தைப் பார்த்து. "ஓ, அப்படியா சங்கதி! இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான தாயே" என்று தலையில் அடித்துக்கொண்டார். இனி இடைவெளி முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், கீழிருந்து யாரும் படியேறி வந்துவிடாதபடி.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா பத்து மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நான் தப்பா சொல்லிட்டேன்பா. அவ பதில் சொல்ல வந்தா. நான் நிக்காம உங்ககிட்ட ஓடி வந்துட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுக்க வழி தேடியதையும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாமா என்று மாதியை நேற்றே அத்தை போனில் கேட்டுக்கொண்டேன். "நீ சொன்னா சரியா சொல்லு" என்றாள். கோழிக்குத் தீனி போடப் போகவில்லை.

அப்பா டம்ளரையே பார்த்தார். பத்து விநாடிக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"ரேடியோவுல இப்படித்தான் பேசுவியா?" என்றார். ஓசூரில்தான் எங்கள் வானொலி எட்டாதே, அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ம்."

"போய்க் கூட்டிக்கிட்டு வந்துரட்டுமா அவள?"

"அவளக் கேளுங்கப்பா."

செப்டம்பர் 16

கேட்டாராம். வருஷம் முடியும்வரை அங்கேயே படிக்கிறாளாம், இப்போதுதான் தோழிகள் சேர்ந்திருக்கிறார்களாம். காலாண்டு லீவுக்கு வருவாளாம்.

அதுவும் பதில்தான். ஆனால் அவள் படுக்கிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் இன்னும் ஒரு பக்கமாகத்தான் படுக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

வந்துவிட்டாள். தலையணையோடு.

அக்டோபர் 6, திங்கள்

ஒன்பது நாளும் ஓடிவிட்டது. பள்ளி திறப்பு. ஒரே பேருந்தில் போனோம். இடது பக்க ஜன்னலை அவளுக்கு விட்டேன். புது பேன்ட் கணுக்காலை மூடியிருந்தது.

பாதி வழியில், "அக்கா, உங்கிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரோஜாத் தோட்டத்துக் கொட்டகைகள் போய்க்கொண்டே இருந்தன. விரலை மடக்கவும் இல்லை. பிறகு அவளாகவே சொன்னாள். உத்தனப்பள்ளி வரும்வரை சொன்னாள். இறங்கும்போது என் துப்பட்டா முனையை ஒரு முறை இழுத்துவிட்டுப் போனாள், சின்னதில் செய்வதுபோல. இந்த முறை எந்தப் பின்னல் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் அது அவளுடையது. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள், "வழியெல்லாம் பேசிக்கிட்டே போயிருப்பீங்களே, என்னடி சொன்னா உன் தங்கச்சி?"

"நேத்து நீ வெச்ச ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாம்மா" என்றேன்.