அடுப்பில் எரிந்த குருத்தோலை

18.02.2026, திருநீற்றுப் புதன். வெளியே அடர்ந்த பனிமூட்டம்.

அன்புள்ள மருமகள் பானுப்ரியாவுக்கு,

கேப்பைக் கூழ் பானையில் உள்ளது. நோன்பு எனக்குத்தான், நீ பட்டினி கிடக்காதே.

மாதா படத்தின் பின்னே சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கி நான் செருகிவைத்த குருத்தோலையைக் குப்பையென்று எண்ணி நேற்று அடுப்பிலிட்டாய். "நாளைக்கு நெத்தியில பூச கோயில்ல கொளுத்தி சாம்பல் பண்ற ஓலைடி அது!" என்று கடிந்தேன். "நானும் அதத்தான அத்தே பண்ணேன்?" என்று அழுதாய்.

இரவு முழுவதும் அதையே சிந்தித்தேன். ஆகவே அடுப்புச் சாம்பலைப் பொட்டலம் கட்டிக் காலைப் பூசைக்கு எடுத்துச் செல்கிறேன். இதுவும் திருநீறு ஆகுமா என்று பங்குச்சாமியாரிடம் வினவுவேன். அறியும் ஆவல் மிகுந்துள்ளது.

இங்ஙனம்,
உன் அத்தை சவுரியம்மாள்

பின்குறிப்பு: அவர் என்ன சொன்னாலும் சரி, நம் சண்டை இன்று காலை 5.10 மணிக்கு முடிவுற்றது.