மதகு திறந்த வியாழக்கிழமை

ஹாலோஃபோர்டு
3 பிப்ரவரி 1992

அன்புள்ள அக்கா,

நலம். வீட்டில் ஷீலாவும் நலம். நீயும் செட்ரிக் அத்தானும் நலம்தானே? சிப்பிகள் எப்படி?

கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்து மூன்று வாரம். எண்பது மைல் தள்ளி உட்கார்ந்து, உங்கள் கழிமுகத்தில் கழிவுநீரை விடும் மதகைத் திறக்கிறேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான். நம்மூர் கழிவுநீர் நிலையத்தில் இப்போது ஆளே இல்லை.

தண்ணீர் வாரியத்தைத் தனியாருக்கு விற்றபோது அத்தான் சொன்னாரே, "பீக்கும் முதலாளி வந்துட்டான்டா டெஸ்மண்ட்." இங்கே சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கழிவுநீரைத் தேக்கப் புதுத் தொட்டிகள் கட்டுகிறார்கள், அக்கா. வாரியத்திடம் பத்து வருடம் கேட்டும் கிடைக்காதவை.

மதகு பற்றி வெளியே பேசக்கூடாதாம். அது நிறுவனத்தின் சொந்த விஷயமாம். கவலைப்படாதே. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வழக்கம்போல் கூப்பிடுவேன். இரண்டு முறை மணியடித்து நின்றால் மதகு திறந்தாயிற்று. சிப்பி எடுக்காதே.

உன் தம்பி
டெஸ்மண்ட்

—

சாட்டர்நெஸ்
12 பிப்ரவரி 1992

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. கடிதத்திலாவது வந்தாயே.

அத்தானிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்குக் கை நீளம்னு தெரியும். எண்பது மைல் நீளம்னு இப்பத்தான் தெரியுது." சிரித்துச் சிரித்து இருமினார்.

அவருக்கு ஈரல் சரியில்லை என்கிறார் டாக்டர். கேட்டால்தானே. ஒவ்வொரு கூடையிலும் முதல் சிப்பியை இன்னும் அவர்தான் திறந்து தின்கிறார். "நான் திங்காததை ஊரானுக்கு எப்படிடி விக்கிறது?"

மணியடிக்காத நாளெல்லாம் சுத்தமான நாள் என்று இருக்கிறோம். நிறுவனத்தை நம்பி இல்லை, உன்னை நம்பித்தான்.

அக்கா
மேவிஸ்

—

சாட்டர்நெஸ்
22 ஏப்ரல் 1992

டெஸ்மண்ட்,

அத்தானின் அடக்கத்தன்று நீ கல்லறை வாசலிலேயே நின்றுவிட்டாய். மழைக்கோட்டுக்கு மேல் உன் முகம் மட்டும் தெரிந்தது.

மஞ்சள் காமாலை. சிப்பியிலிருந்து வந்தது என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் ஆறாம் தேதிக் கூடை. அழுக்குப் போக நல்ல நீர்த் தொட்டியில் இரண்டு நாள் கிடந்த சிப்பிதான். போதவில்லை. கடைசி வாரம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்ல நிறமா இருக்கேன்டி" என்றார்.

முந்தின நாள், வியாழக்கிழமை, மதகு திறந்ததை நிறுவனம் ஒத்துக்கொள்கிறது. அன்று இங்கே பலத்த மழையாம். மழைக்குத் திறந்தால் குற்றமில்லையாம்.

அன்று நான் படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப்போட்டேன், டெஸ்மண்ட்.

மே இருபதாம் தேதி மரண விசாரணை. அன்று பணியில் யார் இருந்தார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவர் வந்து மழை இல்லை என்று சொன்னால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

—

ஹாலோஃபோர்டு
30 ஏப்ரல் 1992

அக்கா,

நான்தான் இருந்தேன்.

லண்டனிலிருந்து முதலீட்டாளர்கள் அறையைப் பார்க்க வந்திருந்தார்கள். நம்மூர் நிலையத்தில் பம்பு நின்றது. கழிவுநீர் ஏறிக்கொண்டே வந்தது. மேலாளர், "திறந்து காட்டுப்பா, பார்க்கட்டும்" என்றார். திறந்தேன். பச்சை விளக்கு சிவப்பானது. ஒருவர் கைதட்டினார்.

தேநீர் நேரத்தில் தொலைபேசிக் கூண்டுக்குப் போக நினைத்தேன். கேக் வெட்டினார்கள். நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பயத்தாலும் இல்லை. மறந்துவிட்டேன், அக்கா.

வாரியக் காலத்திலும் மதகைத் திறந்தோம். இதைவிட அதிகமாகவே. ஆனால் அங்கே நாற்றம் இருந்தது. சட்டையில், சாப்பாட்டில். அது மறக்கவிடாது. இங்கே கேக் வாசனைதான்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் மழை என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மழை இல்லை.

விசாரணையில் சொன்னால் வேலை போகும். ஓய்வூதியமும் போகும். ஷீலாவின் அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. படித்ததும் எரித்துவிடு.

டெஸ்மண்ட்

—

சாட்டர்நெஸ்
8 மே 1992

டெஸ்மண்ட்,

எரிக்க அடுப்பைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

கடிதத்தை விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த பெண் முழுவதும் படித்தாள். "எழுதினவர் உங்களுக்கு யாரும்மா?" தம்பி என்றேன். "தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?" தெரிந்துதான் என்றேன். பிரதி எடுத்து முத்திரை குத்தினாள். அவ்வளவு சத்தமாகக் குத்தியிருக்க வேண்டாம்.

ஷீலாவை நினைத்தேன். உன்னையும் நினைத்தேன். ஆனால் இந்தக் கழிமுகத்தில் சிப்பி எடுப்பவர்கள் இன்னும் நான்கு வீட்டார் இருக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைப் போல் ஒருவன் கூட இல்லை.

நீ மறந்ததை மன்னிக்க முடியும் என்றே நினைக்கிறேன். நாளாகும். மழை என்று எழுதியதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

உன்னை அழைப்பார்கள். வெயில் அடித்தது என்று அவர்களிடம் சொல். எனக்கு எழுத வேண்டாம்.

மேவிஸ்