உங்கள் மகனின் லைசென்ஸ்

அத்தைக்கு மருமகள் வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? உங்களிடம் விட்டு வந்த என் பாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் மகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இங்கே திரும்பியதிலிருந்து அவருடைய வீட்டுத் தரகுக் கடையை நான்தான் திறக்கிறேன். நேற்று ஒருவர் வீடு பார்க்க வந்தார். குழாயையெல்லாம் திறந்து பார்த்தார். நானும் வாய் ஓயாமல் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசினேன். பிறகுதான் அட்டையை நீட்டினார். லைசென்ஸ் ஆபீஸ்காரராம்!

"லைசென்ஸ் இல்லாதவங்க கதவைத் திறந்து விடலாம்மா, வாடகை பேசக் கூடாது. உங்களுக்கு இருக்கா?"

"வீட்டுக்காரருக்கு இருக்குங்க. கடையில மாட்டியிருக்கோம்."

"அவர் எங்க?"

"வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு" என்று பயத்தில் சொல்லிவிட்டேன் அத்தை.

"திங்கட்கிழமை வர்றேன், இருக்கச் சொல்லுங்க" என்று போய்விட்டார். பதற்றத்தில் நான் அந்த வீட்டைப் பூட்டாமலே கடைக்கு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

சொந்தமாக லைசென்ஸ் வாங்க, பத்தாவது தேறி, வகுப்புக்குப் போய், பரீட்சையும் எழுத வேண்டுமாம். நான் எட்டாவதோடு நின்றவள். பாப்பாவின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்றும் வையுங்கள்.

கடையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட இன்னொரு பயம். இங்கே கேட்பவர்களிடமெல்லாம் அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வந்தேன். திங்கட்கிழமை முதல் தடவையாக, அவர் இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

கடைக்கு ஆள் வருகிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் மருமகள்