நூற்று இருபது என்று சொன்னதெல்லாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் அவளோடு சண்டை போடுகிறது. நான் பாதி சௌக்கியம், மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, போனில் நீ சொல்கிற இரண்டு வார்த்தை எனக்குப் போதவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிறோமே, இந்த மனுஷர் எதற்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது ஒன்று. இன்னொன்று, நீ ஹலோ சொன்ன கையோடு "அப்பா, சுகர் எவ்வளவு?" என்று கேட்பாய், நான் "நூத்தி இருபதும்மா" என்பேன், நீ "சரிப்பா, அப்படியே வெச்சுக்கோங்க" என்பாய், அதற்குப் பிறகு எனக்கு உண்மை பேச வாய் எழும்பாது. அந்த நூற்று இருபது பொய், கண்ணு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு மாதமாகச் சொன்ன பொய். பதறாதே, இப்போது சரி செய்துகொண்டிருக்கிறோம், நிதானமாகப் படி.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம், மாத்திரை போதாமல் ஊசிக்கு மாறி இரண்டு வருஷம். ஊசி வலிக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, வலிப்பதும் இல்லை. ஓயாமல் கணக்குப் பார்ப்பதுதான் ஆளை அடித்துப்போடுகிறது. எழுந்ததும் விரலைக் குத்து, எண்ணைப் பார், ஊசியைப் போடு, இத்தனை மணிக்குச் சாப்பிடு, இவ்வளவுதான் சாப்பிடு, யார் வீட்டுக்காவது போனால் பிஸ்கட் தட்டை இவருக்கு நீட்டலாமா கூடாதா என்று அவர்கள் முழிப்பதற்குள் நீயாகவே கையை மடியில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு உண்டு, இதற்குக் கிடையாது. இதில் உன் அம்மா வேறு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே, ஆளைக் கூப்பிடச் சொல்லி நாலு நாள் ஆகிறதே என்று கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உள்ளே போய்ச் சர்க்கரை மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். எண் சரியாக இருந்தால்தான் என் கோபத்துக்கு மரியாதை. குழாய் என்னவோ ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். சிரிப்பாக இருக்கும் உனக்கு, எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பேக்கரிக்கார அம்மா என்னிடம் கார் பழக வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர்தான் ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டிருந்தாராம், அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது, இனி நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார். கியர் மாற்றும்போது மாவை அடிக்கிற மாதிரி ஒரு அடி அடிப்பார், நான் சிரித்துக்கொண்டே மறுபடி சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் அவருக்கு முந்தின வகுப்பு இழுத்துக்கொண்டு போய் மதியச் சாப்பாடு தள்ளிப் போயிற்று, காலையில் போட்ட ஊசி அதற்காகக் காத்திருக்குமா. ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி மூன்றாவது தடவையாக நின்றது, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. முப்பது வருஷமாக எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன், ஒருவரைக்கூட நான் அதட்டியதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு அந்த அம்மாவைப் பார்த்து, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க ஸ்டியரிங், அவர் போனதோட வேனையும் வித்துத் தொலைச்சிருக்கலாமே" என்று கத்தினேன். யாரோ பேசுவது போல என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்தத்தான் முடியவில்லை. அவர் வண்டியைக் கிளப்பி, பாலத்தைத் தாண்டி, ஒழுங்காக ஓரம் கட்டி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்து போய்விட்டார்.

நான் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தேன். எந்தக் காலுக்கு க்ளட்ச், எந்தக் காலுக்கு பிரேக் என்று தெரியவில்லை. முப்பது வருஷம் வாயால் சொன்ன விஷயம், காலைப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை. சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்து போயிருந்தது. நல்ல வேளை, அந்த அம்மா பையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், எடுக்கத் திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார், அவர் வீட்டுக்காரருக்கும் இதே வியாதியாம். ஓடிப்போய்ப் பழரசம் வாங்கி வந்து, குழந்தைக்குப் புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். என் பேச்சு சரியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாளே வேறு ஆசிரியரிடம் மாறிக்கொண்டார், என் பெயரைச் சொல்லி ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் பயம் ஏறிக்கொண்டது. அந்த அம்மா இறங்கிப் போகாமல், நான் அந்த நிலையில் ஆசிரியர் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, வண்டி நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இன்னொரு நினைப்பும் விடவில்லை, அந்த வார்த்தையைச் சொன்னது நானா, இறங்கிப்போன சர்க்கரையா. சர்க்கரைதான் என்றால், இத்தனை வருஷம் உன் மேலும் அம்மா மேலும் நான் கோபப்பட்டதெல்லாம் யாருடைய கோபம். நான்தான் என்றால், அப்படி ஒரு கல் என் மனதுக்குள் எங்கே கிடந்தது. இதை யாரிடம் போய்க் கேட்பது. சர்க்கரை மறுபடி இறங்காமல் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. ஊசியைப் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் நாலு க்ரீம் பிஸ்கட், காரில் டாஷ்போர்டுப் பெட்டி முழுக்க அதுதான். மீட்டரை என் பையிலேயே வைத்துக்கொண்டேன், முந்நூறு காட்டும், சில நாள் அதற்கும் மேலே காட்டும், எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவாயா. தினமும் குறித்துவைக்கிற சர்க்கரை நோட்டில் நூற்று இருபது என்று எழுதுவேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் நூற்றுப் பதினெட்டு, நூற்று முப்பத்தொன்று என்று போட்டுவைப்பேன், கதை எழுதுகிறவன்கூட அவ்வளவு யோசிக்க மாட்டான். உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கும், தாகம் தீராது, சாயங்கால நடையை விட்டேன், முடிதிருத்தும் கடை நண்பரோடு பேசப் போவதை விட்டேன், யார் கேட்டாலும் வேலை அதிகம் என்றேன்.

போன மாதம் வாசல் மிதியடியில் ரத்தக் கறையைப் பார்த்தவள் உன் அம்மாதான். செருப்பு கடித்துக் கால் கட்டைவிரலில் புண், எத்தனை நாளாகவோ இருந்திருக்கிறது, எனக்கு வலியே தெரியவில்லை. உடனே சர்க்கரை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, அது ஒரு கதை சொன்னது, என் நோட்டு ஒரு கதை சொன்னது. அங்கே இருக்கும் நர்ஸ் உன் வயதுதான் இருப்பாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "நீங்க வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்றாள். கதவு சாத்தியதும் என்னிடம், "சார், நோட்டு ரொம்ப சுத்தமா இருக்கு. தினம் விரலைக் குத்துறவங்க நோட்டுல எங்கயாவது ஒரு ரத்தப் பொட்டு இருக்கும்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்கு பயப்படறீங்க?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், எவ்வளவு இருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. எதற்குப் பயம் என்று யாரும் கேட்டதில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆள், அந்த எடை பார்க்கும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மேம்பாலத்துக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள், "இது ஒழுங்கீனம் இல்ல சார், பயம். ஒரு தடவை சர்க்கரை கீழ இறங்கி அடிபட்டவங்க நிறைய பேர் இப்படித்தான் ஏத்தி வெச்சுக்கறாங்க, வெளியில சொல்றதில்ல" என்றாள். அந்த 'நிறைய பேர்' என்ற வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அந்தக் கோபம் என்னுடையதா என்பதையும் கேட்டேன். சர்க்கரை இறங்கினால் மூளைக்குக் கடிவாளம் போய்விடும், யாருக்கும் ஆகும், அதை வைத்து உங்களை நீங்களே எடை போடாதீர்கள் என்றாள். முழுக்க ஒத்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

டாக்டர் ஊசியின் வகையை மாற்றி, அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். வண்டியில் ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், நூற்றுக்குக் கீழே என்றால் சாப்பிட்டு, மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதுவும் இரண்டு மாதம் கழித்துத்தான், அதுவரை காரே கிடையாது. புதன்கிழமை தோறும் கிளினிக் மாடியில் மனநல ஆலோசகர் ஒருவர் வருகிறார், இரண்டு தடவை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன், முதல் நாள் பாதி நேரம் க்ளட்சைப் பற்றித்தான் பேசினேன். முதலாளியிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன். அவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பறையில் சாலை விதி பாடம் எடுக்கச் சொன்னார். கையில் குச்சியோடு சுவரில் தொங்கும் சைகைப் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். காரில் இருந்தவனுக்கு இது இறக்கம்தான், மறைக்கவில்லை. அம்மா விஷயம் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்ட மறைக்க நான் என்ன போலீஸா?" என்று கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "போலீஸாத்தான் இருந்திருக்கேன் போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பேக்கரிக்கும் போனேன். அந்த அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தார். நான் சொன்ன மன்னிப்பை முழுக்கக் கேட்டுவிட்டு, "திட்டினதை நான் அன்னிக்கே விட்டுட்டேன், அது வியாதின்னு எனக்குத் தெரியும். ஆனா இப்படி ஒரு வியாதி இருக்குன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் சார், அந்த வண்டியில நானும்தானே இருந்தேன்" என்றார். லைசென்ஸ் வாங்கிவிட்டாராம், வேன் வாசலில் நின்றது. இன்று காலை என் சர்க்கரை நூற்று அறுபத்தேழு, நேற்று நூற்றுத் தொண்ணூறு. நல்ல எண் இல்லை, உண்மையான எண். புண் ஆறி வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். இனி போனில் முதல் பேச்சாக அதைக் கேட்காதே கண்ணு, கடைசியில் கேள், சொல்கிறேன்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதினது என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் இல்லை. பேத்தி பிறந்து எட்டு மாதம் ஆகிறது. எப்போது கேட்டாலும் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். பொய் எண் சொல்லிப் பழகினவன் நான், அந்த அவசரம் எனக்குக் காதில் பிடிபடும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று போன மாதம் அம்மாவிடம் சொன்னாயாம், வெயில் நாளிலும் குளிர்கிறது என்றாயாம். நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுவதாக மாப்பிள்ளை ஒரு நாள் என்னிடம் சொன்னார், பாவம், சொல்லிவிட்டு அவரே பயந்தார், அவரைக் கோபிக்காதே. அப்போது நானும் உன் அம்மாவும், பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் அலுப்பு இருக்கத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டு விட்டுவிட்டோம். அது தப்பு. அந்த நர்ஸிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். "பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்குத் தைராய்டு தடுமாறும் சார், உடம்போட சேர்த்து மனசையும் அமுக்கிடும். தைராய்டு சரியா இருந்தும் மனசு மட்டும் விழுந்து கிடக்கறதும் உண்டு. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு, டாக்டரைப் பார்த்து ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அழறதையும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க" என்றாள். நீ சோம்பேறியும் இல்லை, கெட்ட தாயும் இல்லை, உனக்கு அப்படித் தோன்றியிருந்தால் அதையும் அந்த டாக்டரிடம் சொல்.

பேத்தியைத் தூக்கி என் சார்பில் ஒரு முத்தம் கொடு. நீங்கள் மூன்று பேரும் நிம்மதியாக, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இந்த வாரமே போய்க் காட்டு, தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. முடிவு வருகிற வரை காத்திருக்காமல் ஒரு பகல் நேரத்தில் என்னைக் கூப்பிடு, எனக்கு இப்போது மதியம் வகுப்பு இல்லை. பேச வார்த்தை வராமல் நீ அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை, நான் போனை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா