ஈமு புதரும் வெயில் கிரீமும்

கூலாரி பண்ணை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ப்ரானி,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனை எடுத்தால்தானே தெரியும்! இன்று தபால் லாரி வரும். இலைப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன். இங்கே நல்ல மழை. காற்றாலைக்குப் பின்னால் உன் ஆராய்ச்சிச் செடி, அந்த ஈமு புதர், பூத்துத் தள்ளுகிறது. இலையைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது.

உன் ஆய்வுக்கருவி வரைந்த கோட்டில் புது முகடு ஒன்று எழும்பியிருக்கிறது, அந்த இலைப் பிசினில் யாரும் கண்டிராத வேதிப்பொருள் இருக்கிறது என்று நீ பெர்த்திலிருந்து கூவியபோது, அப்பா ஆடுகளிடம்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதமே, "புதுசும் இல்ல, மண்ணும் இல்லம்மா. அது அப்பா கையில இருந்த வெயில் கிரீம். நான் படிப்பையே விட்டுடறேன்" என்று அழுது போனை வைத்தாய். அதோடு சரி.

கிரீம் இல்லாமல் வெளியே போகவே கூடாது என்று சொன்னவர், அப்பா மூக்கில் வந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த டாக்டர். உன் அப்பாவும் பூசிய கையோடு உனக்கு இலை பறித்துவிட்டார். இந்த ஊரில் யார்தான் பூசிக்கொள்ளவில்லை? ஆனால் உன் போனுக்குப் பிறகு அவர் கிரீமைத் தொடுவதே இல்லை. "என் மூஞ்சி போனா போவுது, பொண்ணு படிப்பு போச்சே" என்கிறார். "யோவ், அடுத்த தடவை வெட்டறதுக்கு அங்க மூக்கு மிச்சம் இருக்கணுமே" என்று கத்தினேன். சிரித்தார், பூசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ப்ரானி.

நேற்று விடியலில் என் புருவ இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு புதருக்குப் போனார். கை படாமல், இடுக்கியால் காம்பைப் பிடித்து ஒவ்வொரு இலையாகப் பறித்துக் காகிதப் பையில் சேர்த்தார். இடுக்கி முழுக்கப் பிசின். இனி என் புருவம் அதன் இஷ்டத்துக்கு வளர வேண்டியதுதான்.

பொட்டலத்துக்குள் இன்னொரு சின்னப் பை இருக்கும். மேலே 'அப்பா' என்று எழுதியிருக்கிறார். அதிலிருப்பவை கிரீம் கையால் தொட்ட இலைகள். அதற்காக மட்டும் கையில் பூசிக்கொண்டார், மூக்குக்கு ஒரு சொட்டு கிடையாது. "கிரீம் எது, இலை எதுன்னு இதை வெச்சுத் தெரிஞ்சுக்கலாம். அவ என்னைக் கழிச்சுட்டுப் பாக்கட்டும். மிச்சம் ஏதாவது இருந்தாலும் இருக்கும்" என்றார். உங்கள் ஆய்வுக்கூடத்தில் இதெல்லாம் செல்லுமா, தெரியாது. எனக்கென்னவோ மிச்சம் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. பொட்டலம் வந்ததும் எனக்கு வேண்டாம், அவருக்கு ஒரு போன் போட்டுக் கிரீம் பூசச் சொல். நீ சொன்னால் பூசுவார். அவரைக் கழிப்பதெல்லாம் அந்தக் கருவி வரையும் கோட்டோடு இருக்கட்டும், கண்ணே.

உன் அம்மா,
மெரில்