அழுத்திப் பார்த்து வாங்கியது

அக்டோபர் 7, திங்கள்

ராங்கெல் இழுவைப்படகிலிருந்து போன் செய்தான். புனித திமிதர் திருநாளுக்கு வீட்டுக்கு வந்துவிடுவானாம். இன்னும் பத்தொன்பது நாள். "சந்தோஷமா?" என்றான். "ரொம்ப" என்றேன். புருஷன் வருகிறான் என்றதும் கழிவறைக்கு ஓடுகிறவள் இந்த லோம் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பயம் அவனைப் பார்த்து இல்லை. போன வருஷம் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு. பிழைத்தேன். ஏப்ரலில் அவன் லீவில் வந்தபோது, எல்லாம் முடிந்த பிறகு முதல்முறையாக — வலியில் கத்திவிட்டேன். தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறை சோபாவுக்குப் போனவன், லீவு முடியும்வரை அங்கேயே படுத்தான். கோபம் இல்லை. என்னைத் தொடவே பயம். இப்போது போனில் வானிலை மட்டும் பேசுகிறோம். இருபத்தேழு வருஷக் கல்யாணம். காற்று எப்படி, மழை உண்டா, ஆற்றில் எவ்வளவு தண்ணீர்.

இந்தத் தடவையும் அப்படியே ஆனால்? வராமல் இருக்கமாட்டான். வருவான். சோபாவுக்கு வருவான்.

அக்டோபர் 8

டாக்டரிடம் போனேன். என் மகள் வயசு இருக்கும். உள்ளே சுருங்காமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் குச்சிகளைப் பயன்படுத்துகிறேனா என்று கேட்டாள். நாலு குச்சி, சின்னதிலிருந்து பெரிசு வரை. ஆமாம் என்றேன். முகத்தைப் பார்த்தே பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு தடவை எடுத்தேன், குதிரைக்கு ஜுரம் பார்க்கிற கருவி மாதிரி இருந்தது, துண்டுகளுக்கு அடியில் போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப சிலிகான்ல வாங்குங்க. படுக்கையறைச் சாமான் விக்கற ஆன்லைன் கடைங்கள்ல கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமா பழக்கினாதான் தழும்பு இளகும், விட்டா சுருங்கிடும். சைஸை மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு கெட்டின்னு பாருங்க."

உப்பைக் குறையுங்கள் என்று சொல்கிற அதே குரல். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 10

சந்தையில் இருபது வருஷமாகச் சீஸ் விற்கிறேன். உப்புநீரில் ஊறுகிற வெள்ளைச் சீஸைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, எத்தனை வாரம் ஆனது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட விரல் கணினித் திரையில் எதை அழுத்தும்?

கடைப் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எவ்வளவு கெட்டி என்று ஒரு எண். ஒன்று "00-50". இன்னொன்று "A-30". ஊதா நிறம், நீல நிறம், பல்லி முதுகு மாதிரி ஒன்று (அதை யார் வாங்குவார்கள்? — மூன்று நிமிஷம் பார்த்தேன், நான் வாங்கவில்லை). ஐம்பதைவிட முப்பது சின்னது, சின்னது என்றால் மெத்தென்று இருக்கும். A-30ஐ ஆர்டர் செய்து, பணம் பார்சலைப் பார்த்த பிறகு என்று டிக் போட்டு அனுப்பிவிட்டேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டி.

அக்டோபர் 14, திங்கள்

பார்சல் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. மத்தியானம் கடையை மின்காவிடம் ஒப்படைத்துவிட்டு கூரியர் ஆபீசுக்குப் போனேன். மின்கா பக்கத்துக் கடையில் தேன் விற்பவள். ஒரு செய்தியை அவளிடம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று.

ஆபீசில் எப்போதும் போலத்தான். ஒரு தாத்தா புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு கவுண்டர் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். ஒருத்தன் மர அறுவை இயந்திரத்தை பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்த்தான். பிரித்துப் பார்க்காமல் இந்த ஊரில் யார் காசு கொடுக்கிறார்கள்? நானும் அப்படித்தான், மிக்ஸி வந்தபோது அங்கேயே கேரட் போட்டு அரைத்தவள்.

கவுண்டரில் நெவேனா கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"பிரிக்கட்டா அக்கா?"

"வேணாம்மா."

"பாத்துட்டுதான் காசுன்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க."

"தப்பா போட்டுட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க அக்கா. அப்புறம் உடைஞ்சிருக்குன்னு என்கிட்ட வராதீங்க."

"உடையாது" என்றேன். அந்த வார்த்தையை ஏன் சொன்னேன்? பூட்ஸ் தாத்தா நின்று திரும்பிப் பார்த்தார். காசை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

வீட்டில் அழுத்திப் பார்த்தேன். பென்சில் அழிக்கிற ரப்பர். பள்ளிக்கூட ரப்பர். இருந்தாலும் முயற்சி பண்ணினேன். பாத்ரூம் தரையில உட்கார்ந்து அழுதேன், குழாயைத் திறந்து விட்டுட்டு. வீட்ல யாருமே இல்ல, யாருக்குக் கேக்கக்கூடாதுன்னு திறந்தேன்? எனக்கேவா?

என் உடம்பு மூடிப் போச்சுன்னா?

அக்டோபர் 15

ஆன்லைன் கடைக்காரிக்கு எழுதினேன், பேர் போடாமல். ஒரு மணி நேரத்தில் பதில். பொறுமைசாலி.

எண்ணுக்கு முன்னால் இருக்கிற குறி வேறு என்றால் அளவுகோலே வேறாம். 00 என்பது ஜெல் மாதிரி மெத்தென்ற பொருள்களுக்கு, A என்பது ரப்பருக்கு. A-30க்குப் பக்கத்தில் 00-50 தூக்கத்தில் இருக்கிற குழந்தைக் கன்னம். நான் லிட்டரையும் கிலோவையும் ஒப்பிட்டிருக்கிறேன். சீஸ் கடைக்காரி.

இன்னும் எழுதியிருந்தாள். ரொம்ப மெத்தென்று வாங்கினாலும் உபயோகமில்லை, வளைந்து மடங்கிவிடும், உள்ளே போகாது. அப்போது கையால் அழுத்துவீர்கள், அதுவும் வலிதான். ஒரே எண்ணாக இருந்தாலும் பருமனானது கையில் இன்னும் கெட்டியாகத் தெரியும். உங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே கொஞ்சம் உறுதியும் மேலே மெத்தென்றும் இரண்டு அடுக்காகச் செய்தது சரிப்படும். தண்ணீரில் கரையும் ஜெல் மட்டும் தடவுங்கள், சிலிகான் ஜெல் அதைக் கெடுத்துவிடும்.

கடைசி வரி: "எண்களை நம்பாதீர்கள். இரண்டு அனுப்புகிறேன், இரண்டும் உறைக்குள் சீல் போட்டிருக்கும். உறைமேலேயே அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கவுண்டரிலேயே திருப்பிவிடுங்கள்."

கவுண்டரிலேயே. நெவேனா முன்னால். கத்தியோடு.

அக்டோபர் 16

ஆர்டர் போடவில்லை.

அக்டோபர் 17

போட்டேன்.

அக்டோபர் 19, சனி

மின்கா: "திங்கக்கிழமை நெஞ்சோட அணைச்சிட்டு ஓடினியே, என்னடி அது?"

"சமையல் சாமான்."

"என்ன சமைக்கற?"

"இன்னும் ஒண்ணும் சமைக்கல" என்றேன். அதுவாவது உண்மை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆற்றில் தண்ணீர் வற்றி இழுவைப்படகு வீதின் துறைமுகத்தில் நின்றுவிட்டது. ராங்கெல் அதில் எஞ்சின் மெக்கானிக். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான், நாலு நாள் முன்னதாக. பையை வைத்தான். தலையணையை சோபாவிலேயே போட்டான், நான் கேட்பதற்கு முன்னால்.

அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த என் போன் டிங் என்றது. அவன் எட்டிப் பார்த்தான். "ரெண்டு பார்சல் வந்திருக்காம். வா, நானே தூக்கறேன்."

நாளைக்குப் போகலாம், மழை வரும், எனக்குத் தலைவலி — எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு வீட்டில் என்னோடு தனியாக உட்கார்ந்திருக்கப் பயம், வெளியே கிளம்பினால் போதும். அது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நெவேனா ரெண்டையும் தலா ஒரு கீறலில் பிரித்தாள். அட்டையைத் திறந்தாள். மூடவில்லை. எங்களுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

ராங்கெல் பார்த்தான். என்னைப் பார்த்தான். எனக்குக் காது சுட்டது. "டாக்டர் சொன்னது" என்றேன், காற்று மட்டும் வந்தது. "கெட்டியா இருந்தா வலிக்குது. அழுத்திப் பாத்துதான் எடுக்கணுமாம்."

கதவு பக்கம் போய்விடுவான் என்று நினைத்தேன். அப்புறம் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் உறையை எடுத்தான். எஞ்சின் ரப்பர் வளையத்தைச் சோதிக்கிறவன் மாதிரி கட்டைவிரலால் அழுத்தினான், மெதுவாக வளைத்தான். அடுத்ததை எடுத்தான். மறுபடி முதலாவது.

"இது வேணாம்" என்றான் நெவேனாவிடம். "நடுத்தண்டு ரொம்பக் கெட்டி. இவளுக்கு வலிக்கும். இன்னொண்ணுக்கு பில் போடுங்க."

"சரி மாமா" என்றாள் நெவேனா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "எந்தக் கடைம்மா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பார்சலை அவன்தான் வைத்திருந்தான்.

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

"ஏப்ரல்லேர்ந்து பயந்துட்டுதான இருக்கேன்" என்றான். "உன்னக் கொன்னுட்டேன்னு நெனச்சேன் அன்னிக்கி. போன்ல எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் மழை பெய்யுதான்னு கேட்டேன்."

அக்டோபர் 26, சனி

திமிதர் நாள். மச்சினன் வீட்டில் சாப்பாடு. ஊருக்கே தெரிந்திருக்கிறது, என்னிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மின்கா மட்டும் ஒரு பாட்டில் தேனைக் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கோ" என்றாள், இவ்வளவு மரியாதையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. பயமாக இருந்தது.

அக்டோபர் 29

தினமும் பத்து நிமிஷம், நானே, தனியாக. அவன் முற்றத்தில் விறகு அடுக்குகிறான். இன்று வலியில்லை. இல்லை, கொஞ்சம் இருந்தது. என்னால் தாங்க முடிகிற வலி.

நவம்பர் 2

பகல் வெளிச்சத்தில், அவனும் நானும். "நிறுத்தட்டுமா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன், நிஜமாகவே யோசித்தேன். வேண்டாம் என்றேன். சிறிது நேரம் கழித்து, இப்போது நிறுத்து என்றேன். நிறுத்தினான். எழுந்து போகவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கப்பல் ஆபீசிலிருந்து போன். தண்ணீர் ஏறிவிட்டதாம், நாளைக்கே வீதினுக்கு வரச் சொன்னார்கள். ராங்கெல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகு பிடித்துவிட்டது, ஒரு வாரம் அசையக்கூடாதாம் என்று முனகினான். போனை வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போய் காபி போட்டான். இரண்டு கோப்பை.