சிங்க்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட அத்தா

ஏற்காடு
20-9-1993

அன்பு மகள் அமீனாவுக்கு அம்மா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாவின் சாந்தி எப்போதும் துணையிருக்கட்டும். இங்கே உன் அத்தாவின் இடது தோளைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். தோள் கதையைக் கீழே எழுதுகிறேன், அதற்குள் பயந்துவிடாதே, எண்ணெய் தேய்த்தால் போகிற வலிதான். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாந்தி நின்று இப்போது சோறு இறங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறது என்கிறாய், இங்கே பத்து நாளாக மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வந்து, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, அடுப்பு மேலே கயிறு கட்டித்தான் காயப்போடுகிறேன், எல்லாத் துணியிலும் தாளிப்பு வாசனை. கிளியூரிலிருந்து காய் கொண்டு வருவாளே கண்ணாயி, அவள் உனக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் மலைக்கு வந்துவிடுவாய் என்று கேள்விப்பட்டு, "பாப்பா வந்தா எங்காட்டு பட்டர் ஃப்ரூட்டு நொம்பத் திங்கச் சொல்லுங்க, கொழந்தைக்கு நல்லதுங்க" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. டீயோடு சேர்த்துச் சாப்பிடாதே என்று இங்கே டாக்டரம்மா சொன்னார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தரையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கக் கூடாது, முழங்கால் போய்விடும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி நீ வாங்கி வைத்துக் கொடுத்த எவர்சில்வர் சிங்க்கில் ஓட்டை விழுந்துவிட்டது. சிங்க்கைக் குறை சொல்லாதே, அது தங்கமான சிங்க். பலாப்பழம் அரிந்தபோது ஒட்டிய பிசின் கறை போகவில்லை என்று நான் ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. நீ வருவதற்குள் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று உன் அத்தா நம் மளிகைக் கடையிலிருந்து கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து அதில் ஊற்றி, ஊறட்டும் என்று விட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டார். வந்து பார்த்தால் கறை இருந்த இடத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அந்தப் புள்ளிகளில் இரண்டு, கொஞ்ச நாளில் கடுகளவு ஓட்டையாகி, பிறகு மிளகளவு ஆனது. கீழே மர அலமாரியில் வைத்திருந்த கோதுமை மாவு நனைந்து கட்டியான பிறகுதான் எனக்கே தெரிந்தது. உன் அத்தாவைக் கேட்டால் இன்றைக்கும், "மலைத் தண்ணி சரியில்ல சலீமா, எவர்சில்வரையே அரிச்சுப்புடுது" என்கிறார். இதே தண்ணீரைத்தான் நாம் இத்தனை வருஷமாகக் குடிக்கிறோம், நம் குடலில் ஓட்டை விழவில்லை.

அவருக்கோ ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்வது கௌரவக் குறைச்சல். முதலில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். நான் சோறு வடித்த கஞ்சியைச் சுடச்சுடக் கொட்டியதும் மெழுகு உருகிக் கஞ்சியோடு போய்விட்டது. அப்புறம் ரோடு போடுகிறவர்களிடம் தார் கேட்டு வாங்கி வந்து பூசினார். தண்ணீர் நின்றது, ஆனால் கழுவின தட்டெல்லாம் கறுப்புத் தடம், குடிக்கிற டீயிலும் தார் வாசனை. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் என் நகம் போயிற்று. பிறகு ஓட்டை அடைக்கிற எம்சீல் பசையைப் பிசைந்து ஒட்டினார். ஈரமில்லாமல் துடைத்து ஒட்ட வேண்டும், நன்றாகக் காய விட வேண்டும் என்று நான் சொன்னேன். அவருக்கு ஏது பொறுமை, ஈரத்தின் மேலேயே அப்பிவிட்டு மத்தியானமே குழாயைத் திறந்து பார்த்தார். அது அப்பளம் மாதிரி முழுசாக எழும்பிக் கையோடு வந்துவிட்டது. கடைசியில், ஓட்டைக்குள் சின்ன போல்டு ஒன்றை விட்டு, மேலேயும் கீழேயும் ரப்பர் வாசர் வைத்து நட்டுப் போட்டு முறுக்கினால் சொட்டு ஒழுகாது என்று கண்டுபிடித்தார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

ஆனால் போல்டும் நட்டும் வேண்டுமென்றால் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற உன் சின்னத்தா அமீர் ஜான் கடையில்தான் எல்லா அளவிலும் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற கடையில் ரப்பருக்கும் பஞ்சமில்லை. உன் அத்தா அங்கே போவாரா? அண்ணனும் தம்பியும் உன் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தியவர்கள். நீ மணப்பெண்ணாக உள்ளே இருந்தாய், அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். அன்றைக்குப் பிரியாணி சமைத்தது சின்னத்தா. முதல் நாளே வந்து, கறி அரிந்து, விடிய விடியக் கண் விழித்து, அண்ணன் மகள் கல்யாணம் என்று ஆசை ஆசையாகச் செய்தார். உன் அத்தா ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்கும்போதே, "என்னடா அமீரு, உப்பு மூட்டைய அப்படியே கவுத்துட்டயா?" என்று கத்திவிட்டார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னத்தா கரண்டியைக் கீழே வைத்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளிவாசலில்கூட ஒருவர் இந்தக் கோடியில் நின்றால் மற்றவர் அந்தக் கோடி. குர்பானிக் கறியை மட்டும் நான் யார் கையிலாவது கொடுத்தனுப்புவேன், அவரும் பாத்திரத்தைக் கழுவி வேறு யார் கையிலாவது திருப்பி அனுப்புவார். ஆகவே உன் அத்தா, கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடையை விட்டுவிட்டு, பஸ் ஏறி அத்தனை வளைவும் இறங்கிச் சேலம் போய் இரண்டே இரண்டு போல்டு வாங்கி வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. ஓட்டையை ஆணியால் கொஞ்சம் பெரிதாக்கி மேலிருந்து போல்டை விட்டாயிற்று. அப்போதுதான் தெரிந்தது, மேலே ஒரு ஆள் போல்டை முறுக்க வேண்டும், கீழே ஒரு ஆள் நட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே அலமாரிக்குள் நுழைவது, அதனால் நான் திருப்புளியோடு மேலே நின்றேன், உன் அத்தா மல்லாக்கப் படுத்துத் தலையையும் தோளையும் அலமாரிக்குள் நுழைத்தார். அந்தச் சின்னக் கதவுக்குள் எப்படி நுழைந்தார் என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம். என் கைப்பிடிக்குத் திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. என்னைத் திட்டுவதற்காக வெளியே வரப் பார்த்தார், வர முடியவில்லை. கழிவுத் தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம், கதவுச் சட்டம் ஒரு பக்கம், நடுவில் தோள் மாட்டிக்கொண்டது. "இழு சலீமா" என்றார். காலைப் பிடித்து இழுத்தேன், கைலிதான் வந்தது, ஆள் வரவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் வாழவந்திக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். எனக்கு வேறு யாரைத் தெரியும்? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், மேட்டில் ஏறி சின்னத்தா கடைக்கு ஓடினேன்.

ஓடின ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. "தம்பி, உங்கண்ணன்... சமையக்கட்டுல... கெடக்காருங்க" என்கிற வரைக்கும்தான் வாயிலிருந்து வந்தது. மாட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று சொல்ல மூச்சு மிச்சமில்லை. சின்னத்தா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு. கையிலிருந்த டியூப்பை வீசிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு, கைலியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினார். வழியெல்லாம் "அண்ணா, அண்ணா" என்று சத்தம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் பின்னாலேயே "ஒண்ணுமில்லீங்க தம்பி, நில்லுங்க" என்று கத்துகிறேன், அவர் காதில் எங்கே விழுகிறது.

நான் வந்து சேர்ந்தபோது அவர் சமையலறையில் மண்டி போட்டு, அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தார். உள்ளேயிருந்து உன் அத்தா குரல், "சலீமா, காலை உடு, கூசுது, தோளுக்கு ஏதாச்சும் வழி பாரு" என்று வந்தது. சின்னத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்பு உன் அத்தாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, "அமீரா?" என்றார். "ஆமாங்கண்ணா." "எதுக்குடா அழுவற?" "அழுவுலீங்கண்ணா, சிரிக்கறேன்." "உனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்டா, சின்னதுல இருந்தே." நான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன்.

வெளியே இழுப்பார் என்று பார்த்தால், சின்னத்தா எழுந்து சிங்க்கை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள போனது போயிட்டீங்க, அப்படியே இருங்கண்ணா, நட்டைப் புடிங்க, நான் மேல முறுக்கறேன்" என்றார். நானும் இதுதான் சமயம் என்று பேசாமல் அடுப்புப் பக்கம் போய்விட்டேன். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் சிங்க். முகம் பார்க்காமல் பேசுவது ஆண்களுக்குச் சுலபம் போலிருக்கிறது. முதல் போல்டு முடிந்து இரண்டாவது பாதி ஏறியபோது உன் அத்தா உள்ளேயிருந்து, "அன்னிக்கு பிரியாணி நல்லாத்தான்டா இருந்துச்சு, உப்பு மட்டுந்தான்..." என்று இழுத்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று நான் அடுப்பை விட்டுத் திரும்பினேன். சின்னத்தா முறுக்குவதை நிறுத்தவில்லை. "உப்புக் கூடத்தாங்கண்ணா. எனக்கே தெரியும். அத்தன பேரு முன்னால சொல்லிப்புட்டீங்களேன்னுதான் எனக்கு" என்றார். உள்ளேயிருந்து, "சொல்லியிருக்கக் கூடாதுடா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷத்துப் பேச்சுக்கு இத்தனை நாள்.

பிறகு சின்னத்தா அலமாரியின் பக்கப் பலகையைக் கழற்றித்தான் உன் அத்தாவை வெளியே எடுத்தார். தோளில் நல்ல சிராய்ப்பு, அதுதான் நான் முதலில் எழுதிய தோள். கீழ்ப் பக்கம் துடைத்துக் காயவைத்து நட்டைச் சுற்றி எம்சீல் வைத்தார்கள். மறுநாள் வரை குழாயைத் தொடக் கூடாது என்று சின்னத்தா கண்டிப்பாகச் சொன்னதால் உன் அத்தா தொடவில்லை. அன்றைக்குச் சின்னத்தாவும் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, தலையைத் தூக்காமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு எழுந்தார்கள். கடைசியில் நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தபோதுதான் தெரிந்தது, ஓடின பரபரப்பில் குழம்பில் உப்பே போடவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! திங்கட்கிழமை சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து மூன்று பேரும் கீழே குனிந்து பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. போல்டுத் தலை இரண்டும் மூக்குத்தி மாதிரி மின்னுகிறது, சோற்றுப் பருக்கைதான் அதில் மாட்டிக்கொள்கிறது, அதற்கென்ன, விரலால் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டிலும் எவர்சில்வர் சாமானில் ஆசிட் படாமல் பார்த்துக்கொள், உப்புத் தண்ணீரை ராத்திரி முழுக்க அதில் தேங்க விடாதே, சோப்பும் மெல்லிய துணியும் போதும். கனமான வாளி எதையும் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். வரும்போது எங்களுக்கென்று சாமான் ஒன்றும் சுமந்து வர வேண்டாம், நீ பத்திரமாக வந்தால் போதும். கம்பளிச் சட்டை ஒன்று மட்டும் கையிலேயே வைத்துக்கொள், அந்த ஊர் வெயிலில் இருந்துவிட்டு இங்கே வந்து இறங்கினால் உடம்பு தாங்காது. உன் வயிற்றுப் பிள்ளையும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நிற்க, அஞ்சு வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்னத்தா கடையைத் திறக்கப் போகிற வழியில் இதைத் தபாலில் சேர்க்கிறேன் என்று வாசலில் நிற்கிறார். அடியில் கொஞ்சம் இடம் விடுங்க அண்ணி என்கிறார், விட்டிருக்கிறேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா சலீமா

கண்ணு அமீனா, சின்னத்தா எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க. உன்னைக் கார்ல ஏத்தி அனுப்பினப்ப எல்லாரும் நின்னாங்க, நான் நிக்கல. நீ வர்றப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்டுல நான்தான் நிப்பேன். தேதியை எழுது சாமி.
அமீர் ஜான்